மூன்றாம் மாடியிலிருந்து இறங்கியவள்

"இந்தப் பொண்ணு யாருன்னு நீங்களே சொல்லிடுங்க சார்."

குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் தன் போனை மேஜைமேல் வைத்து, மருந்துக்கடைக்காரர் பக்கமாகத் தள்ளினார்.

படத்தில் ஒரு பெண். கணுக்கால் வரை நீலப் பாவாடை, தலையைச் சுற்றி ஸ்கார்ஃப், முகத்தில் மாஸ்க். மருந்துக்கடைக்காரரின் வீட்டுக் கதவை வெளியிலிருந்து பூட்டிக்கொண்டிருந்தாள். நேற்று, சனிக்கிழமை, மதியம் மூன்று மணி.

அந்த நேரத்தில் அவர் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ் டியூட்டியில் இருப்பாள் என்பது கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

இரண்டாம் மாடியில் ஒரு சைக்கிள் காணாமல் போனதற்காகக் கூட்டிய கூட்டம் அது. இப்போது சைக்கிளை யாரும் நினைக்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருந்த பத்துப் பேரும் அவரைப் பார்க்காமல், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவியைப் பார்த்தார்கள். யாரோ உச்சுக்கொட்டினார்கள்.

படத்திலிருந்த பெண் மருந்துக்கடைக்காரரேதான்.

சின்ன வயதிலிருந்தே பெண்ணாக உடுத்திக்கொள்ள ஓர் ஆசை. ஏன் என்று தன்னையே கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், இரண்டு வருஷமாகத்தான் துணிந்து வெளியே போகிறார். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் மனைவியிடம் சொல்ல எத்தனையோ முறை வாயெடுத்தும் சொன்னதில்லை.

எச்சரிக்கையில் ஒரு குறையும் வைக்கவில்லை. லிஃப்ட் பக்கமே போக மாட்டார். கடைக்கு வருகிறவர்கள் குடியிருக்கும் தெருக்களைச் சுற்றிக்கொண்டு போவார். பஸ்ஸில் சரியான சில்லறையை நீட்டிவிடுவார். வாயைத் திறந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். நாலு நிறுத்தம் தள்ளி ஒரு பூங்கா. ஆள் நடமாட்டம் உள்ள பக்கமாகப் பார்த்து ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்புவார். அவ்வளவுதான்.

ஒருமுறை இரண்டு பேர் பின்னாலேயே வந்தார்கள். கூட்டமான கடை ஒன்றில் நுழைந்து, முக்கால் மணி நேரம் பிளாஸ்டிக் வாளிகளைப் புரட்டிப் பார்த்துத் தப்பித்தார்.

தெருவில் அத்தனை ஜாக்கிரதையாக இருந்தவர், தன் வீட்டு வாசலிலேயே செயலாளர் போனைத் தூக்குவார் என்று நினைக்கவில்லை.

"சொல்ல இஷ்டமில்லேன்னா விடுங்க," என்றார் செயலாளர். "படத்தை நம்ம குரூப்ல போட்டுடறேன். போலீசுக்கும் ஒண்ணு அனுப்பிடலாம்."

குரூப்பில் எண்பது குடும்பம். அத்தனை பேரும் அவர் கையால் மாத்திரை வாங்குகிறவர்கள். படத்தைப் பெரிதாக்கினால் அந்தக் கையை ஒருவருக்காவது அடையாளம் தெரியும்.

வேறொரு பெண் என்று தலையாட்டினால் மனைவி போய்விடுவாள். நான்தான் என்றால் மனைவியோடு கடையும் மானமும் சேர்ந்து போகும். முன்னே போனால் கடிக்கிறது, பின்னே வந்தால் உதைக்கிறது.

அவர் எழுந்தார். அதற்குள் மனைவி கை நீட்டிப் போனை எடுத்தாள். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். வெகு நேரம் பார்த்தாள்.

"இது என் அக்கா," என்றாள்.

இப்படி ஓர் அக்கா இருப்பதாக இதுவரை கேள்விப்பட்டதில்லையே என்று செயலாளர் இழுத்தார். வெளியூர், யாரோடும் அதிகம் பேசமாட்டாள், சாவி தான் கொடுத்ததுதான் என்று அவள் நிதானமாகச் சொன்னாள். பிறகு படத்தை அழித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"உங்க வீட்டுப் பொம்பளைய ஒருத்தர் ஒளிஞ்சு நின்னு படம் எடுத்தா சும்மா இருப்பீங்களா சார்?"

செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். பேச்சு தண்ணீர்த் தொட்டிக்கு மாறியது.

கூட்டம் முடிந்து படியேறும்போது அவள் முன்னால் போனாள். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

அவள் ஒரே பெண். கூடப்பிறந்தவர்கள் கிடையாது. பத்துப் பேர் முன்னால் மானத்தைக் காப்பாற்றிவிட்டாள். கதவைச் சாத்தியதும் கச்சேரி இருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது. பெட்டியைக் கட்டுவாளா? அம்மா வீட்டுக்குப் போன் போடுவாளா? மூன்று மாடி முப்பது மாடியாக நீண்டது.

கதவு சாத்தப்பட்டது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அது வேற யாரோன்னு நினைக்காத," என்றார் அவர். "இத்தனை வருஷம் மறைச்சது தப்புதான். அது… அது நான்தான்."

அவள் நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது.

"ரெண்டு வருஷத்துக்கப்புறம் இப்பவாவது சொல்லத் தோணிச்சே. குதிகால்ல கொப்புளத்தோட வந்து நின்னீங்களே, மருந்து போட்டது யாரு? ஆம்பளைச் செருப்பு அந்த இடத்துல கடிக்காதுங்க."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சனிக்கிழமை ஆனா எனக்கு டியூட்டியே ஓடாது. அடிபட்டு யாரைத் தூக்கிட்டு வந்தாலும், நீங்களோன்னு ஓடிப்போய் முகத்தைப் பாப்பேன்," என்றபடி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அடுத்த சனிக்கிழமை லீவு போடறேன். தனியாப் போனாத்தான் பாப்பாங்க. ரெண்டு பொம்பளைங்க பேசிக்கிட்டே போனா, ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க."