இருபத்தோராவது ஆமாம்

"வேலையில தொடர்ந்து இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு ஐந்து நொடி காத்திருக்க வேண்டும். அதுதான் விதி.

காலையிலிருந்து இருபத்தேழு பேரிடம் கேட்டாயிற்று. தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

அரசுத் திட்டத்தில் ஆஸ்பத்திரி உதவியாளர் பயிற்சி முடித்த முப்பது பேர். எல்லோரையும் வேலையில் சேர்த்தார்கள். கைதட்டல், போட்டோ எல்லாம் நடந்தது. மூன்று மாதம் ஆகிவிட்டதால், இன்னும் வேலையில் இருக்கிறார்களா என்று போனில் கேட்டுப் பதிவு செய்து அனுப்ப வேண்டும்.

இருபத்தோரு பேர் ஆமாம் என்றால்தான் புத்தூரில் இருக்கும் எங்கள் பயிற்சி மையத்துக்கு அடுத்த பேட்ச். ஒன்று குறைந்தாலும் மையத்துக்குப் பூட்டுதான். போன் செய்கிற இந்த நாற்காலியும் போய்விடும்.

இந்த நாற்காலியை விட்டால் எனக்கு வேறு போக்கிடம் இல்லை.

பட்டியலில் முதல் பெயர் ஆசாத். முதல் போனிலேயே 'இல்லை'. ஒருத்திக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. ஒருவனுக்கு ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வருகிறதாம். அட ராமா, இதைப் பயிற்சியில் சேரும்போதே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா! முப்பது பேர் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகிவிட்டார்கள்.

இருபத்தெட்டாவது, நவநீதன். ஆமாம் என்று சொல்லி முடிப்பதற்குள் வார்டில் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். போன் கட்டாகிவிட்டது.

மையத்தின் நிர்வாகி ஹம்ஸா மேடம் கதவோரம் நின்று எத்தனை என்று சைகையால் கேட்டார். இரண்டு கைகளையும் இரண்டு தரம் விரித்துக் காட்டினேன். இருபது.

இருபத்தொன்பதாவது, பிச்சமுத்து. போனை எடுத்தது முக்கொம்பிலிருக்கும் அவன் அம்மா அழகம்மாள். போன மாதமே ஆஸ்பத்திரியில் அவனை நிறுத்திவிட்டார்களாம்.

"திரும்ப வேலைக்குக் கூப்பிடுறீங்களாங்க? இந்தா, இப்பவே கிளம்பச் சொல்றேன்!"

இது விசாரிக்கிற போன்தான் அம்மா என்று நான் சொல்வதற்குள், அவன் சட்டையைத் தேய்த்து வைக்கச் சொல்லி வீட்டுக்குள் குரல் கொடுத்துவிட்டார். பிறகு சொன்னேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

இல்லை என்கிறவர்களுக்குச் சொல்வதற்கென்று ஒரு வாக்கியத்தை அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். மனம் தளராதீர்கள், மீண்டும் முயலுங்கள். அதைப் படித்தேன்.

"உங்களுக்காவது ஒரு வேலை இருக்கே. நல்லா இருங்கம்மா" என்றார் அழகம்மாள்.

இனி ஒரே ஒரு பெயர். காலையிலிருந்து அந்த வரியின் மேல் ஸ்கேலை வைத்து மறைத்திருந்தேன்.

ஹம்ஸா மேடம் பக்கத்தில் வந்து கண்ணை மூடிக்கொண்டார். ஸ்ரீரங்கத்துக்காரர். மனதுக்குள் பெருமாளிடம் என்ன பேரம் பேசினாரோ, அந்த அரங்கனுக்குத்தான் வெளிச்சம்.

ஸ்கேலை எடுக்காமலே எண்ணை அழுத்தினேன்.

என் பைக்குள் போன் அடித்தது.

மேடம் கண்ணைத் திறந்து, எடு என்று தலையை அசைத்தார். பேச்சு பதிவாகிக்கொண்டிருந்தது. எடுத்தேன். ஒரு காதில் ஹெட்போன், மறு காதில் என் போன்.

மூன்று மாதம் முன்பு எந்த ஆஸ்பத்திரியும் எடுத்துக்கொள்ளாமல் மிஞ்சியது ஒரே ஒரு பெண். முப்பதில் ஒன்று குறைகிறதே என்று அவளை மேடம்தான் இந்த நாற்காலியில் உட்கார வைத்தார்.

"வணக்கம், யாழினிங்களா? வேலையில தொடர்ந்து இருக்கீங்களா?" என்று கேட்டேன்.

ஐந்து நொடி விட வேண்டும். விட்டேன்.

ஆமாம் என்று சொன்னால் எனக்கு வேலை உண்டு. இல்லை என்று சொன்னால் இல்லை. இப்படி ஒரு இன்டர்வியூ யாருக்கு வாய்க்கும்!

"இருக்கேங்க" என்றேன்.

மேடம் பெருமூச்சு விட்டுக்கொண்டு அறைக்குப் போய்விட்டார். ஆனால் எனக்கு இன்னும் முடியவில்லை. ஆமாம் என்கிறவர்களுக்கும் ஒரு வாக்கியம் அச்சடித்துத் தந்திருக்கிறார்கள்.

"உங்களுக்கு எங்கள் வாழ்த்துகள்" என்று படித்தேன்.

பிறகு ஸ்கேலை எடுத்துவிட்டு, என் பெயருக்கு நேரே ஆமாம் என்று எழுதினேன்.