தாய்மொழி டியூஷன்

எழுபத்தொரு வயதில் புருஷன் ஸ்பானிஷ் கற்றுக்கொள்கிறார்.

பிறந்தது, வளர்ந்தது எல்லாம் சிலியில். நாற்பது வருஷம் அந்தோஃபகாஸ்தாவில் பஸ் ஓட்டி, ஊரில் பாதிப் பேரை ஸ்பானிஷில்தான் திட்டியிருக்கிறார். இப்போது என்ன கேடு?

எர்மெலிந்தாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

மதியச் சாப்பாடு முடிந்ததும் இலாரியோ செல்போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைப்பார். சத்தத்தை முழுசாக ஏற்றுவார். ஸ்பானிஷ் டியூஷன் ஆப்பின் வீடியோவில் லிப்ஸ்டிக் போட்ட ஒருத்தி வாயைக் கோணிக் கோணி, "இது ரொட்டி. இது தண்ணீர்" என்பாள். இவரும் கூடவே ஒப்பிப்பார்.

முதலில் அந்த லிப்ஸ்டிக் மேல்தான் சந்தேகம் வந்தது.

"ஏ கிழவா, அவ மூஞ்சியப் பார்க்கத்தானே இதெல்லாம்?"

"மூஞ்சி யாருக்கு வேணும்? நாமெல்லாம் பேசறப்ப பாதி எழுத்தை முழுங்கிடறோம். இவ ஒரு எழுத்து விடறாளா பாரு!"

"காது கேக்கலைன்னா மெஷின் வாங்கி மாட்டு. வீடே அலறுது."

"அலறட்டும், அலறட்டும்."

மருமகள் கெர்லினிடம் சொல்லிப் புலம்பலாமென்றால், அவள் இருப்பதும் ஒன்று, சுவர் இருப்பதும் ஒன்று. ஹைட்டியிலிருந்து வந்து எட்டு மாசம் ஆகிறது. 'சரி, வேண்டாம், நன்றி' தவிர வாயில் ஸ்பானிஷ் வார்த்தை கிடையாது. கட்டிக்கொண்டு வந்த மகனோ பத்து நாள் சுரங்கத்தில், பத்து நாள் வீட்டில்.

வியாழக்கிழமைதான் அது நடந்தது.

வீடியோக்காரி தன் கையைக் காட்டினாள். இலாரியோ உரக்க, "எல் மனோ!" என்றார்.

எர்மெலிந்தாவின் இஸ்திரிப் பெட்டி அப்படியே நின்றது. ஸ்பானிஷில் கை பெண்பால், 'லா மனோ'. அதை ஆண்பாலாக்கி 'எல் மனோ' என்று இந்த ஊரில் மூன்று வயதுக் குழந்தைகூடச் சொல்லாது.

"தவறு. மீண்டும் முயலுங்கள்" என்றது போன்.

"எல் மனோ!"

உடனே தங்கையைப் போனில் பிடித்தாள். "யோலா, உங்க அத்தானுக்கு மூளை குழம்பிடுச்சுடி! கைக்குப் பேர் தெரியலை!"

"ஐயோ அக்கா! நம்ம அப்பாவுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சுது? உடனே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ!"

கடைசிக் காலத்தில் அப்பா இவளைப் பார்த்தே 'நீ யாரும்மா?' என்று கேட்டது ஞாபகம் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்கு ஓடினாள்.

"கிழவா, எழுந்திரு. டாக்டர்கிட்ட போறோம்."

"ஷ்ஷ்!" என்றவர், தொண்டை கிழிய இன்னொரு முறை கத்தினார். "எல் மனோ!"

சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

"மாமா... 'எல்' இல்ல. 'லா'. லா மனோ!" கூடவே ஒரு சிரிப்பு. "அவ எத்தனை தடவைதான் சொல்வா? இதுகூடவா தெரியாது உங்களுக்கு?"

எர்மெலிந்தா வாயைப் பிளந்தாள். "இவளுக்குப் பேச வருமா!"

இலாரியோ போனை அணைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வந்த முதல் வாரம் கையைச் சுட்டுக்கிட்டு, 'எல் மனோ, எல் மனோ'ன்னு அழுதுக்கிட்டே உங்கிட்டதான் ஓடி வந்தா. நீ விழுந்து விழுந்து சிரிச்ச. வர்றவங்க போறவங்க கிட்டயெல்லாம் நடிச்சுக் காட்டின. அன்னைக்கு மூடின வாய்."

"அதுக்கு... நீ ஏன் தப்புத் தப்பா..."

"நீ இருக்கிற வீட்டுல, தப்பு பண்ணத் துணிஞ்சவன் ஒருத்தனாவது வேணுமேடி!"