வில்மாவின் கடைசிச் சில்லு

வில்மா தன்னிடம் மிஞ்சியிருந்த ஒரே பந்தயச் சில்லை விரலிடுக்கில் தூக்கிப் பிடித்தார். மேசையில் வைக்கவில்லை.

எதிரே சீட்டுப் போட்டுக்கொண்டிருந்த டானா அந்தச் சில்லையே பார்த்தாள்.

அமெரிக்காவின் எல்கோ ஊரில் ஞாயிறு மத்தியானப் போக்கர் சீட்டாட்டப் போட்டி. ஜெயிப்பவருக்குக் கையால் செய்த குதிரைச் சேணம். மற்றவர்கள் எல்லாம் தோற்று பார் பக்கம் ஒதுங்கிவிட, மிஞ்சியது இரண்டே பேர்: டானாவின் மாமியார் வில்மா, அப்புறம் ஆட்டுப்பண்ணை லெஸ்டர்.

மாமியார் ஆடும் மேசையில் மருமகள் சீட்டுப் போடலாமா என்று யாரும் கேட்கவில்லை. அந்த ஊரில் சொந்தக்காரர் இல்லாத மேசை வேண்டுமென்றால் வெறும் நாற்காலிகளுக்குத்தான் சீட்டுப் போட வேண்டும்.

தவிர, இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது.

நாலு வருஷத்துக்கு முன்னால், இதே மாதிரி ஒரு கடைசி ஆட்டம். வில்மா கவிழ்த்து வைத்திருந்த இரண்டு சீட்டையும் டானா ஏதோ நினைப்பில் கழித்த சீட்டுகளோடு சேர்த்து வாரிவிட்டாள். கலந்தது கலந்ததுதான், திரும்ப எடுக்க முடியாது. அவரவர் சீட்டுக்கு அவரவர்தான் காவல் என்பது விதி.

இரண்டுமே ஏஸ், ஆட்டத்திலேயே பெரிய சீட்டு.

அன்று பூட்டிய வாயை வில்மா மருமகளிடம் திறக்கவே இல்லை. வான்கோழி விருந்தில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே, "டெரி, உன் பொண்டாட்டிகிட்ட அந்த உப்பைத் தள்ளச் சொல்லு" என்பார். டெரி பாவம், உப்புக்கும் மிளகுக்கும் தூது போயே இளைத்துப்போனான். மன்னிப்புக் கேட்டு டானா அனுப்பிய கிறிஸ்துமஸ் பரிசை அம்மா பிரிக்காமலேயே பரணில் போட்டுவிட்டதாகவும் அவன்தான் வந்து சொன்னான்.

இன்றும் ஆட்டம் தொடங்கியதிலிருந்து வில்மா இடது உள்ளங்கையைத் தன் சீட்டின்மேல் கவிழ்த்தே வைத்திருந்தார். நுனியை மட்டும் தூக்கிப் பார்ப்பார், கை நகராது. டானாவுக்கு ஒவ்வொரு தடவையும் கன்னத்தில் அறை வாங்கிய மாதிரி இருந்தது.

இப்போது நடுவில் இருவருக்கும் பொதுவாகப் போடும் கடைசிச் சீட்டும் விழுந்தாயிற்று. லெஸ்டர் ஐயாயிரம் கட்டியிருந்தார். வில்மாவின் விரலிடுக்கில் இருப்பது இருபத்தைந்தாயிரத்துச் சில்லு.

பேசாமல் வைத்தால் ஐயாயிரத்துக்குச் சமமாகக் கட்டியதாகத்தான் கணக்கு. மிச்சம் திரும்பி வந்துவிடும். பந்தயத்தை ஏற்ற வேண்டுமானால், சில்லு மேசையைத் தொடும் முன் வாயால் சொல்லியாக வேண்டும். வாய் திறக்காத ஒரே காரணத்துக்காக அவர் இன்று இரண்டு தடவை இப்படிக் கோட்டை விட்டிருந்தார்.

சீட்டுப் போடுபவள் எடுத்துக்கொடுக்கக் கூடாது. டானா நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஒரே ஒரு வார்த்தை, திட்டியாவது தொலையுங்களேன் என்று உள்ளுக்குள் கெஞ்சினாள்.

லெஸ்டர் இளித்தார். "என்ன வில்மா, சேணம் பெருசா, வீம்பு பெருசா?"

வில்மா டானாவைப் பார்க்கவில்லை. லெஸ்டர் பக்கம் திரும்பினார்.

"லெஸ்டர், அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லு. நான் ஏத்துறேன். அம்புட்டையும்."

அப்புறம்தான் சில்லு மேசையில் விழுந்தது.

லெஸ்டரின் இளிப்பு ஓடிப்போயிற்று. இதெல்லாம் செல்லாது, என்னிடம் சொன்னால் எப்படி என்று குதித்தார். போட்டி நடத்தும் டெல்பர்ட் பாதி தின்ற சாண்ட்விச்சோடு ஓடிவந்து, நடந்ததைக் கேட்டு, வாயில் இருந்ததை நிதானமாக மென்று முடித்தார்.

"அவங்க முறைல வாயைத் திறந்து சொல்லிட்டாங்க, செல்லும். யாரைப் பாத்துச் சொல்லணும்னு விதியில இல்லையேப்பா."

லெஸ்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. தன்னிடமிருந்த அத்தனையையும் நடுவே தள்ளினார். அது வில்மாவின் ஒற்றைச் சில்லைவிடக் கொஞ்சம் குறைவுதான். தோற்றால் ஆட்டம் முடிந்தது. அவர் சீட்டைத் திருப்பினார்: இரண்டு ராஜா.

வில்மா இடது கையை எடுத்தார்.

சீட்டின்மேல் கட்டைவிரல் அளவில் ஓர் ஈய ஆட்டுக்குட்டி நின்றது. யாரும் தவறி வாரிவிடாமலிருக்கச் சீட்டின்மேல் பாரமாக வைக்கட்டுமென்று அந்தக் கிறிஸ்துமஸுக்கு டானா தேடிப் பிடித்து வாங்கியது. உள்ளங்கை பட்டுப் பட்டு அதன் முதுகு தேய்ந்து பளபளத்தது.

குட்டியை நகர்த்திவிட்டு வில்மா சீட்டைத் திருப்பினார். இரண்டு நாலு. நடுவில் ஏற்கெனவே ஒரு நாலு கிடந்தது. மூன்று நாலுக்கு முன் இரண்டு ராஜா நிற்காது.

பார் பக்கம் ஒரே விசில். சில்லுகளை மாமியார் பக்கம் தள்ளப் போன டானாவுக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது.

"பாத்து வாருடி," என்றார் வில்மா, அவள் முகத்தை நேருக்கு நேர் பார்த்து. "அன்னைக்கி மாதிரி குட்டியையும் சேத்து வாரிடாதே."