ஆளில்லாத் தீவு

"கோயில் இருக்கா? இல்ல. கடைகண்ணி இருக்கா? இல்ல. குடிக்கத் தண்ணிகூடக் கெடையாதாம். அங்கன போயி என்னத்தப் பாக்கப் போறட்டி?"

சொர்ணலட்சுமி கேட்ட கேள்விக்குப் பட்டாசு ரூமே சிரித்தது. இருளம்மாள் மட்டும் சரம் பின்னும் கையை நிறுத்தவில்லை.

"ஒண்ணுமில்லாததுனாலதான் போறேன்க்கா."

அது 1961. நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் சரம் பின்னும் பெண்கள், பொங்கல் லீவில் தூத்துக்குடி போவதென்று முடிவாகியிருந்தது. லாரி கம்பெனியுடையது, ஏற்பாடு சொர்ணலட்சுமியுடையது. சீசனில் யாருக்கும் தீக்காயம் படாமல் தப்பித்துவிட்டால், அந்தச் சந்தோஷத்தில் அவள் இப்படி ஒரு பயணத்தைக் கிளப்பிவிடுவாள். திருச்செந்தூர் போய்ப் போய் அலுத்துவிட்டதால் இந்தத் தடவை கடலும் கப்பலும். அப்புறம் தோணியேறி முயல் தீவு. பொங்கலுக்கு அங்கே தூத்துக்குடியே கட்டுச்சோற்றோடு திரளுமாம்.

எல்லாருக்கும் வாயெல்லாம் பல். இந்த இருளம்மாளுக்கு மட்டும் முயல் தீவு வேண்டாமாம். அதற்கும் அப்பால், மனுஷ வாடையே இல்லாத இன்னொரு தீவுக்குத் தனித் தோணியில் போகப் போகிறாளாம். அதோடு விட்டாளா? லாரியில் இரண்டு இடம் வேறு வேண்டுமாம்.

"ரெண்டாவது எடம் யாருக்கு?"

"எனக்கு வேண்டியவுகளுக்கு."

"அவுகளுக்குப் பேரு கெடையாதா?"

இருளம்மாள் அடுத்த சரத்தை எடுத்துப் பின்னத் தொடங்கினாள். சொர்ணலட்சுமிக்குச் சுருக்கென்றது. புருஷன் கொழும்புக்கு ஓடிப்போய் ஆறு வருஷம் ஆன பொம்பளைக்கு, பேர் சொல்ல முடியாத ஆள் யார் இருக்க முடியும்?

நேரே லாரி டிரைவர் பலவேசத்திடம் போனாள். அவன் தூத்துக்குடிக்காரன். கேட்டதும் கக்கிவிட்டான்.

"ஆமாக்கா, ஆளே இல்லாத தீவு எதுன்னு மூணு நாளா எங்கிட்டக் கேட்டுக்கிட்டே இருந்தா. எம் மச்சான் தோணியத்தான் பேசிவிட்டிருக்கேன். ரெண்டே பேருதானாம்."

ஆளில்லாத் தீவு, தனித் தோணி, இரண்டு பேர்! கூட்டிக் கழித்துப் பார்க்கச் சொர்ணலட்சுமிக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

சாயங்காலத்துக்குள் விஷயம் போர்மேன் சங்கையா காதுக்குப் போய்ச் சேர்ந்தது. சேர்த்தது யார் என்று சொல்லத் தேவையில்லை.

"ஏட்டி இருளம்மா, கூட வர்றது யாரு? பேரைச் சொல்லு. இல்லாட்டி பொங்கலுக்குப் பெறகு கம்பெனிப் பக்கம் தலைவச்சுப் படுக்காத."

"சொல்ல மாட்டேன் அண்ணாச்சி."

"ஊரு என்ன பேசும்னு நெனச்சுப் பாத்தியா?"

"அது என்னைக்கு அண்ணாச்சி பேசாம இருந்துச்சு? எம் புருசன் ஓடுனப்ப அவனையா பேசுச்சு? என்னையத்தான் பேசுச்சு. இப்பவும் பேசிட்டுப் போகட்டும். வேலை போனா தீப்பெட்டி ஒட்டிக் கஞ்சி குடிச்சுக்கிடுவேன். கடலுக்குப் போறது போறதுதான்."

சங்கையா தலையில் அடித்துக்கொண்டு நகர்ந்தார். பக்கத்தில் நின்ற சொர்ணலட்சுமிக்கோ நெஞ்சு கொதித்தது. தப்பையும் செய்துவிட்டு எம்புட்டுத் திமிர்! இருக்கட்டும், லாரியடியில் வைத்து நாலு பேர் முன்னால் இவள் வண்டவாளத்தைத் தண்டவாளத்தில் ஏற்றுகிறேன் என்று கறுவிக்கொண்டாள்.

பொங்கலுக்கு மறுநாள் விடிகிற நேரம். லாரியில் கட்டுச்சோற்று மூட்டைகள் ஏறிவிட்டன. பெண்கள் இடம் பிடிக்க முண்டிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் இருளம்மாள் வந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தலை முதல் கால் வரை போர்வை போர்த்திய ஒரு ஆள்.

"நில்லு! மொகத்தக் காட்டாம ஒருத்தரும் லாரில ஏறக் கூடாது!"

இருளம்மாள் தடுப்பதற்குள் சொர்ணலட்சுமி பாய்ந்து போர்வையைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

ஞானசுந்தரி!

இரண்டு வருஷத்துக்கு முன்புவரை சொர்ணலட்சுமிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சரம் பின்னியவள். வெடிமருந்துக் கொட்டகை தீப்பிடித்த அன்று ஒரு பக்க முகம் வெந்து, கன்னம் கழுத்தோடு ஒட்டிப்போனவள். ஆஸ்பத்திரியில் ஒரு தடவை போய்ப் பார்த்ததோடு சரி. அதற்குப் பிறகு எந்தப் பயணத்துக்கும் அவள் பேரை எழுத வேண்டும் என்று சொர்ணலட்சுமிக்குத் தோன்றியதே இல்லை.

லாரிக்குள் யாரோ 'ஐயோ' என்றார்கள். யாரோ உச்சுக் கொட்டினார்கள். ஞானசுந்தரி போர்வையை வெடுக்கென்று பிடுங்கி முகத்தை மூடிக்கொண்டாள்.

"பாத்தாச்சா? திருப்தியா?" இருளம்மாள் அவளை மறைத்துக்கொண்டு நின்றாள். குரலை இறக்கவில்லை. "இதுக்குத்தான் பேரைச் சொல்லல. தெருவுல எறங்குனா பிள்ளைக அலறுதுக, பெரியவுக பரிதாபப்படுறாக. ரெண்டு வருசமா வீட்டுக்குள்ளயும் முக்காட்டோடதான் கெடக்கா. கடலப் பாக்கணும்னு ஆசைப்பட்டா. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாகன்னு சத்தியம் பண்ணிக் கூட்டியாந்தேன். ஆளில்லாத எடத்துல ஒரு நாளாவது போர்வையக் களத்திப் போட்டுட்டு அவ மூஞ்சில காத்துப் படட்டுமேன்னு நெனச்சேன். அது தப்பா?"

சொர்ணலட்சுமிக்குக் கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது. வெட்கத்தில் உடம்பே கூசியது. ஓடிப்போய் ஞானசுந்தரியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"என்னைய மன்னிச்சிரு தாயி! முயல் தீவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நாங்க அம்புட்டுப் பேரும் உங்கூட அந்தத் தீவுக்கே வாரோம்!"

"ஆமா, வாரோம்!" என்று லாரிக்குள்ளிருந்து நாலைந்து குரல்கள்.

அப்போதுதான் முதல் தடவையாக ஞானசுந்தரி வாயைத் திறந்தாள். போர்வைக்குள்ளிருந்து வந்தாலும் குரலில் நடுக்கமே இல்லை.

"வேண்டாம்க்கா. நீங்க எல்லாரும் வந்தா அதுவும் நம்ம ஊராயிரும்."