முதல் பெயர் யாருக்கு?

“முதல் பேரு உங்களுதுதான் இருக்கணும், டாக்டர்!”

“சேச்சே! ராப்பகலா உக்காந்து ஊசி அளவைக் கணக்குப் போட்டவன் நீ. உன் பேரையே போடு, வில்ஃப்ரிதோ.”

இப்படி ஒரு பேச்சைக் கேட்க நிமியா மூன்று வருடம் காத்திருந்தாள். கிராமத்துச் சுகாதார நிலையங்களில் குழந்தைகளின் வலிப்புக்குப் புது ஊசியைக் கொண்டுசேர்க்கும் ஆய்வு அது. ஆய்வாளர்களை ஒற்றுமையாக வைத்திருக்கத்தான் அவளுக்குச் சம்பளம்.

ஒற்றுமையா? மூன்று வருடமும் மீன் சந்தைதான். அறிக்கையில் யார் பெயர் முதலில் என்று தலைவர் அபரிசியோவும் கணக்குப் பார்க்கும் வில்ஃப்ரிதோவும் முட்டிக்கொள்ளாத நாளில்லை. ஒரே குவளையைச் சுற்றவிட்டுக் குடிக்க வேண்டிய ஜில்லென்ற தெரெரே மூலிகைப் பானத்தைக்கூட ஆளுக்கொரு குவளையில் தனித்தனியாக உறிஞ்சினார்கள். அசுன்சியோனில் அதற்குமேல் பகை கிடையாது.

இன்று ஒரே குவளை மூன்று பேர் கையிலும் சுற்றி வந்தது. நிமியாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“ரெண்டு பேரும் வேண்டாம்னா எப்படி? அறிக்கை தலையில்லா முண்டமாவா போகும்?” என்று சிரித்தாள்.

அபரிசியோ நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “அப்போ உங்க பேருதான், நிமியாம்மா. எங்களைச் சேர்த்துவெச்சதே நீங்கதானே!”

“நானா? டாக்டர் பட்டம்கூட இல்லாதவ...”

“பட்டம் என்ன பெரிய பட்டம்! நர்சுங்களுக்கு ஊசி போடச் சொல்லிக்குடுத்தது யாரு? பெருமை, பொறுப்பு எல்லாம் உங்களுக்குத்தான்.”

“என் பேரை நன்றி சொல்ற இடத்துலகூடப் போட வேண்டாம்கா,” என்றான் வில்ஃப்ரிதோ.

இத்தனை வருடமும் அந்த நன்றிப் பக்கத்தின் கடைசி வரியில்தான் நிமியா குடியிருந்தாள். முதல் பெயர் என்றால் அடுத்த ஆய்வுக்கு அவளே தலைவியாகலாம். விலை பேசாமலே கைக்கு வந்த சரக்கு; வேண்டாமென்று சொல்ல மனம் வரவில்லை.

“சரி, போடுங்க.”

வில்ஃப்ரிதோ அவள் பெயரைத் தட்டினான். அவள் வாழ்த்தை வாங்கிக்கொள்ளத் தயாராவதற்குள் அறிக்கை அமைச்சகத்துக்குப் போய்விட்டது. ஆண்கள் இருவரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள்.

காலையிலிருந்து அடித்தும் எடுக்காமல் விட்டிருந்த கைப்பேசியை அபரிசியோ இப்போது தானே எடுத்து எண்களை அழுத்தினார்.

“அரசு வக்கீல் ஐயாவா? ஊசி அளவு தப்பாகி ரெண்டு குழந்தைங்க செத்ததுக்கு, அறிக்கையில முதல் பேரு யாரோ அவங்கதான் பதில் சொல்லணும்னு நேத்து சொன்னீங்களே... ஆமாங்கய்யா, என் பக்கத்துலதான் இருக்காங்க. வந்து கூட்டிட்டுப் போங்க.”