தேரையின் முதுகு

கிட்ட வந்து உட்காருங்க. சத்தமாச் சொன்னா அந்தத் தேரைக்குக் கூச்சமாப் போயிரும்.

தேரைக்குத் தன் முதுகுக் கொப்புளங்களை நினைச்சாலே அழுகை. அழகு வைத்தியத்துல பேர்போன நண்டோட வளைக்குப் போய், “அண்ணே, மழைக் கச்சேரிக்கு முன்னால இதையெல்லாம் சுரண்டி வழவழன்னு ஆக்கிவிடுங்க” என்று முதுகைக் காட்டியது.

நண்டு கொடுக்கை மடக்கியே வச்சிருந்தது. “வலிக்குதா தாயி?”

“இல்லண்ணே.”

“அரிக்குதா?”

“அதுவும் இல்ல. அசிங்கமா இருக்குன்னு சாரைப்பாம்பு சொல்லுச்சு. எம்மேல அக்கறையாப் பேசறது அது ஒண்ணுதான்.”

“அப்படியா! துணைக்கு ஆள் இல்லாம நான் யாரையும் தொடறதில்ல. அந்தச் சாரையையே கூட்டிட்டு வா.”

கூப்பிட்டதும் சாரை நாக்கைச் சுழட்டிக்கிட்டே வந்தது. நண்டு ஒரே ஒரு கொப்புளத்தை மெல்ல அமுக்க, வெள்ளையாப் பால் கசிந்தது. “சுரண்டும்போது இது வடியும். கொஞ்சம் நக்கி எடுத்துடறீங்களா?”

“ஐயோ, நான் மாட்டேன்!” என்று சாரை துள்ளி விலகியது. “போன மழைக்கு இவ அக்காளைக் கவ்வி, வாயெல்லாம் வெந்து துப்பிட்டேன். நீ முதல்ல சுரண்டி முடி, அப்புறம் நான்...”

சொன்ன பிறகுதான் அது வாயை மூடியது.

தேரை நண்டுக்குப் பின்னால் பதுங்கியது. “சுரண்ட வேண்டாம்ண்ணே.”

நண்டு அப்போதுதான் கொடுக்கை விரித்தது, சாரையைப் பார்த்து. சாரை ஓடின திசை தெரியவில்லை.

நண்டு தேரையைப் பார்த்துச் சிரிக்கவுமில்லை, புத்தி சொல்லவுமில்லை. அமுக்கின இடத்தில் குளிர்ந்த ஈரமண்ணை அப்பி, எரிச்சல் அடங்குகிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது.