அரை நாள் லீவு

“ஏழு நிமிஷம். உள்ளயே குடித்தனம் வச்சுட்டியோன்னு பார்த்தேன்.”

கழிப்பறை வாசலில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தாள் சூப்பர்வைசர். சட்டை தைக்கும் அந்தக் கம்பெனியில் அவளுக்கு எல்லாரும் வைத்திருந்த பெயர் ‘ஸ்டாப்வாட்ச்’. வியர்த்து வழிகிற வெயிலிலும் தொளதொள கோட்டைக் கழற்றமாட்டாள். பதவியே அதற்குள்தான் இருக்கிறது என்று பேச்சு.

காலர் தைக்கும் பெண் ஆறு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு தயங்கினாள். “மேடம், உடம்பு சரியில்ல. அரை நாள் லீவு குடுத்தீங்கன்னா டாக்டரைப் பார்த்துட்டு வந்துடுவேன்.”

“என்ன பண்ணுது?”

நாற்பது தையல் மெஷின்களில் பாதி சட்டென்று நின்று காதைத் தீட்டிக்கொண்டன.

“அது… பொம்பளைங்க சமாச்சாரம் மேடம்.”

“வெள்ளை படுது, வாடை அடிக்குது, எரியுது. அவ்வளவுதானே? இதுக்கெல்லாமா லீவு? கம்பெனியை இழுத்துப் பூட்டிட்டு எல்லாரும் ஆஸ்பத்திரியிலயே போய் உட்கார்ந்துக்கலாம். போ, இருநூறு காலர் பாக்கி கெடக்கு.”

இவ்வளவு கரிசனத்தோடு விசாரித்துவிட்டு, இரண்டு மணிக்குத் தனக்குத் தலைமை அலுவலகத்தில் மீட்டிங், யாரும் சீட்டை விட்டு அசையக்கூடாது என்று உத்தரவும் போட்டாள்.

சாப்பாட்டு மணி அடித்ததுமே காலர் தைப்பவள் பின்வாசல் வழியாக நழுவினாள். “நீ போடி, நான் சமாளிச்சுக்கறேன்,” என்றாள் பக்கத்து மெஷின் அக்கா.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு மருந்து எழுதினார். “தொற்றுதான். ஒரு வாரம் மாத்திரை சாப்பிடு, சரியாயிடும். மாசமா இருக்கறப்ப இதை அப்படியே விட்டா, சிலருக்குப் பனிக்குடம் முன்னாடியே உடைஞ்சு குறைமாசத்துலயே குழந்தை பொறந்துடும். வெட்கப்பட்டுக்கிட்டு வீட்டுல உட்காராம வந்தியே, அதுவே பெரிசு.”

மருந்துச் சீட்டோடு வெளியே வந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். காத்திருப்போர் வரிசையின் கடைசி நாற்காலியில் ஸ்டாப்வாட்ச்! தலைமை அலுவலகம் இங்கேதான் நடக்கிறது போலிருக்கிறது. கோட்டு மடிந்து பக்கத்து நாற்காலியில் கிடந்தது. அது இத்தனை நாள் மறைத்திருந்த ஐந்து மாத வயிறு, தெள்ளத் தெளிவாக முன்னால் இருந்தது.

வேலை போனது என்று முடிவே கட்டிவிட்டாள் காலர் தைப்பவள். ஆனால் ஸ்டாப்வாட்ச் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. தாழ்ந்த குரலில், “உள்ள என்ன சொன்னாங்க?” என்று மட்டும் கேட்டாள்.

டாக்டரம்மா சொன்னதை ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள் அவள்.

ஸ்டாப்வாட்சின் முகம் வெளுத்தது. கோட்டை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“எனக்கு மொதல் குழந்தை ஏழாம் மாசமே பொறந்து, மூணே நாள்ல போயிடுச்சு,” என்றாள். “அப்பவும் இதே மாதிரிதான் இருந்துச்சு.”

“டாக்டர்கிட்ட காட்டலையா மேடம்?”

“நான் லீவே கேக்கலை.”